மொகல் தெருவில் பயின்றவர்கள்

பம்பாயில் 1913ஆம் ஆண்டு சிடென்ஹாம் வணிகக் கல்லூரி தொடங்கப்பட்டபோது, வர்த்தகத்தைத் தனிப் பாடமாக வகுத்துப் பயிற்றுவிக்கும் கல்லூரி ஆசியாக் கண்டத்திலேயே அதுதான் முதலாவது என்று பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பெருமை நியாயமானதே. ஆயினும் அதே காலத்தில், வங்காள விரிகுடாவின் அக்கரையில், ரங்கூன் நகரத்து மொகல் தெருவில், செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி வந்த பதினான்கு பதினைந்து வயதுப் பையன்கள், பாடப்புத்தகம் என்று ஒன்று அச்சாகாமலும், பரீட்சை நாள் இன்னதென்று குறிக்கப்படாமலும், கடன் கொடுப்பது, வைப்புப் பெறுவது, உண்டியல் எழுதுவது, ஈடு வாங்குவது, ஐந்தொகை போடுவது ஆகிய வித்தைகளையெல்லாம் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தபடியே தலைமுறை தலைமுறையாகக் கற்றுவந்தார்கள் என்பது, நம் நாட்டுக் கல்வியின் வரலாற்றை எழுதுகிறவர்களில் பலருக்கு நினைவில் வருவதில்லை. வட்டிக்கடை என்று சொல்லி அந்த உலகத்தை ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அதை ஒரு கலாசாலையாகவே வைத்து ஆராய வேண்டும் என்பதும், அங்கே எது மிகச் சிறப்பாகப் போதிக்கப்பட்டது, எது போதிக்கப்படாமலே விடப்பட்டது என்று பகுத்துப் பார்த்தால், பர்மாவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் அடைந்த உயர்வுக்கும் பின்னர் நேர்ந்த வீழ்ச்சிக்கும் காரணம் பெரும்பாலும் விளங்கிவிடும் என்பதும் என் அபிப்பிராயம்.

நகரத்தாரின் வர்த்தகம் பர்மாவில் தொடங்கியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் பழநிக்கு உப்புக் கொண்டுபோய் விற்று, கிடைத்த லாபத்தில் முருகனுக்கென்று ஒரு பங்கை மகமையாக எடுத்துவைத்த குமரப்பச் செட்டியாரைப் பற்றிய செய்தி அவர்களுடைய பழைய பட்டயங்களில் காணப்படுகிறது. பிற்காலத்தில் கொழும்பு, கல்கத்தா, பினாங்கு, சிங்கப்பூர் என்று அவர்களுடைய கொடுக்கல் வாங்கல் கடல் கடந்து பரவியது. ஆனால் 1852ஆம் ஆண்டுப் போருக்குப்பின் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாகி, 1869ல் சூயஸ் கால்வாயும் திறக்கப்பட்டு, ஐரோப்பியச் சந்தையில் பர்மா அரிசிக்குக் கிராக்கி பெருகியபோதுதான், அதுவரை காணாத அளவில் அவர்களுக்கு ஒரு வாய்ப்பு நேர்ந்தது. ஐராவதி நதியின் கழிமுகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எட்டு லட்சம் ஏக்கருக்கு மேற்படாமல் இருந்த நெற்சாகுபடி, 1930களில் எண்பது லட்சம் ஏக்கரையும் தாண்டிவிட்டது. அந்தச் சதுப்புக் காடுகளை வெட்டித் திருத்தவும், உழவு மாடு வாங்கவும், அறுவடை வரும்வரை குடும்பம் பசியாறவும் குடியானவனுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஐரோப்பிய பாங்குகள் அவனைத் தேடிப் போகவில்லை. போகும் வழியும் அவற்றுக்குத் தெரியாது. தெரிந்தவர் நகரத்தாராகிய செட்டியார். தம் சொந்த முதலையும், உறவினரின் வைப்பையும், அந்த பாங்குகளிடமே வாங்கிய கடனையும் ஒன்றாகச் சேர்த்து, ஆற்றங்கரைச் சிற்றூர்வரை கொண்டுசென்று அவர் விநியோகித்தார். 1929-30ல் பர்மா மாகாண பாங்கிங் விசாரணைக் கமிட்டி கணக்கெடுத்தபோது, அந்த நாட்டில் செட்டியார் கடைகள் சுமார் 1,650 இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் 65 கோடி ரூபாய்க்கும் 75 கோடி ரூபாய்க்கும் இடைப்பட்டது என்று மதிப்பிடப்பட்டது.

இத்தனை கடைகளுக்கும் ஆள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வியில்தான் நம் விஷயம் ஆரம்பமாகிறது. முதலாளி பெரும்பாலும் காரைக்குடியிலோ, தேவகோட்டையிலோ, கானாடுகாத்தானிலோ இருப்பார். கடையை நடத்துகிறவர் அவரிடமிருந்து முக்தியார் என்னும் அதிகாரப் பத்திரம் பெற்றுப் போன ஏஜெண்டு. கடைக்குள் அவரை மேலாள் என்பார்கள். அவருக்கு அடுத்த ஸ்தானத்தில் அடுத்தாள். எல்லாருக்கும் கீழே பெட்டியடிப் பையன். மூன்று வருஷத்துக்கு ஒரு கணக்கு. அது முடிந்ததும் மேலாள் ஊருக்குத் திரும்ப, வேறொருவர் போய்ப் பொறுப்பேற்பார். ஆகவே ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகளுக்கும், மூன்று ஆண்டுக்கொரு முறை, லட்சக்கணக்கான ரூபாயை நம்பி ஒப்படைக்கத்தக்க மனிதர்களை இடைவிடாமல் தயார்செய்துகொண்டே இருக்க வேண்டிய அவசியம் அந்தச் சமூகத்துக்கு இருந்தது. அந்த அவசியமே அந்தக் கலாசாலையை உண்டாக்கியது.

படிப்பின் முதற்கட்டம் ஊரிலேயே, திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பொழுது விடிவதற்கு முன்பே பிள்ளைகள் கூடி எண்சுவடியை உரக்கச் சொல்லி நெட்டுருப் போடுவார்கள். 320ல் ஒரு பங்கான முந்திரியில் தொடங்கி, அரைக்காணி, காணி, அரைமா, மா, மாகாணி, அரைக்கால், கால் என்று ஏறிக்கொண்டே போகும் கீழ்வாய் இலக்க வாய்பாடுகள் ஏழெட்டு வயதிலேயே நாக்கில் தங்கிவிடும். இக்காலத்துப் பிள்ளைகள் தசாம்சக் கணக்குப் பழகியவர்களாதலால், இவ்வளவு நுட்பமான பின்னங்களை மனப்பாடம் செய்தது வீண் பிரயாசை என்று நினைக்கக்கூடும். ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த நாணய முறைக்கு அந்த வாய்பாடுகள் அளந்து தைத்தவைபோலப் பொருந்தின என்பதை அவர்கள் அறியமாட்டார்கள். ஓரணா என்பது மாகாணி, இரண்டணா என்பது அரைக்கால், நாலணா கால், பன்னிரண்டணா முக்கால்.

ஓர் உதாரணம் காட்டுகிறேன். 350 ரூபாய், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் இரண்டணா வட்டி, இரண்டு மாதம் பத்து நாள் ஆகியிருக்கிறது. காகிதமும் பென்சிலும் கையில் உள்ளவன் பெருக்கி வகுத்துக்கொண்டிருப்பான். எண்சுவடி படித்த பையனோ, ஒன்றேயரைக்கால் வட்டி, மூன்றரை நூறு என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வான். மூன்றரை அப்படியே மூன்றரை ரூபாய். மூன்றரையில் அரைக்கால் ஏழணா. ஆக மாதத்துக்கு மூன்று ரூபாய் பதினைந்தணா. இரண்டு மாதத்துக்கு ஏழு ரூபாய் பதினாலணா. பத்து நாள் என்பது மாதத்தில் மூன்றில் ஒன்று. அதற்கு ஒரு ரூபாய் ஐந்தணா. மொத்தம் ஒன்பது ரூபாய் மூன்றணா என்று, எதிரே உட்கார்ந்திருப்பவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி முடிப்பதற்குள், விடை வந்துவிடும். இந்தச் சாமர்த்தியத்தோடுதான் பையன் கப்பலேறினான். ஆகவே ரங்கூனில் அவனுக்குக் கணக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. கணக்கின் பின்னால் இருக்கும் மனிதர்களைப் பற்றித்தான் கற்பிக்க வேண்டியிருந்தது.

புறப்படுவதற்கு முன் சம்பளச் சீட்டு எழுதப்படும். இன்ன விலாசத்துக் கடையில், இன்ன ஊரில், இத்தனை காலத்துக்கு, இவ்வளவு சம்பளத்துக்கு வேலை பார்க்கச் சம்மதம் என்பது அதன் சாரம். மேலாளுக்கு அதில் ஒரு பகுதி முன்பணமாகக் கிடைப்பதும், கணக்கு முடிவில் லாபத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய தொகை சேர்வதும் உண்டு. பையனுக்குக் கிடைப்பது சொற்பம், சாப்பாடும் இருப்பிடமுந்தான் பிரதானம். வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளுங்கூட இந்த அடிப்படியிலிருந்தே தொடங்கினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. ஆயிரம் ஜன்னல் வைத்த வீட்டில் பிறந்தவனானாலும், பெட்டியடியில் கூட்டிப் பெருக்காமல் பெட்டிமேல் கைவைக்கக் கூடாது என்பது அவர்களுடைய சம்பிரதாயம்.

ஆத்தாவிடமும் அப்பச்சியிடமும் விழுந்து கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு, ஊர்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்படும் பையன், சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறி, மூன்று நான்கு நாள் கடலைத் தவிர வேறெதையும் காணாமல் போய், ஐராவதியின் கிளைநதி வழியாக ரங்கூன் துறைமுகத்தில் இறங்குவான். அவன் அதுவரை கண்ட பெரிய ஊர் காரைக்குடியாக இருக்கும், மிஞ்சினால் மதுரை. ரங்கூனோ 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நான்கு லட்சம் ஜனங்கள் வசித்த நகரம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர் பேசுவது தெலுங்கு, கடைத்தெருவில் ஹிந்துஸ்தானி, பாங்குகளிலும் கோர்ட்டுகளிலும் இங்கிலீஷ், நாட்டின் சொந்தக்காரர்களான பர்மியரின் பாஷையோ நகரத்துக்கு வெளியே போனால்தான் முழுவதும் காதில் விழும். மொகல் தெருவிலேயே சூரத்து முஸ்லிம் வர்த்தகர்கள் கட்டிய பெரிய மசூதியும் இருந்தது. அதே தெருவில் செட்டியார்களின் கோயிலும் கிட்டங்கிகளும் இருந்தன. பல தேசத்தார் பணத்தின் பொருட்டு ஒன்றுகூடி, ஒருவரையொருவர் நம்பியும் சந்தேகித்தும் வாழ்ந்த அந்த நகரமே பையனுக்கு வாய்த்த முதற் பாடம்.

கிட்டங்கி என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தெருவிலிருந்து உள்ளே நீண்டுகொண்டே போகும் ஒரு பெரிய கூடம். அதன் இரு சுவர்களையும் ஒட்டி, ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய் விரிப்பளவு இடம். அந்த இடத்தில் சாய்ந்த மூடியுள்ள ஒரு மரப்பெட்டி. அதன் பின்னால் சுவரோரமாக ஓர் இரும்புப் பெட்டி. மேலே சுவரில் பழநி ஆண்டவர் படமும், கடையின் விலாசத்தைக் குறிக்கும் எழுத்துகளும். ஒரே கூடத்தில் பல கடைகள். இடையில் சுவர் கிடையாது. பக்கத்துக் கடையில் யார் வந்தார், எவ்வளவு கேட்டார், எப்படித் திரும்பினார் என்பது எல்லாருடைய கண்ணிலும் படும். பகலில் கடையாக இருந்த அதே இடந்தான் இரவில் படுக்கை. மரப்பெட்டிக்குள் பேனாவும் மையும் கடிதக் கட்டும் பத்திரங்களும், அன்றாடச் செலவுக்கான சில்லறையும் இருக்கும். அந்தப் பெட்டியின் அடியில் உட்காரும் பையனுக்கு அதைத் திறக்கும் உரிமை இல்லை. அதைச் சுற்றி நடப்பதையெல்லாம் கேட்கும் உரிமை மட்டும் உண்டு. வேறு எந்தக் கலாசாலையும் தன் மாணாக்கனுக்கு இவ்வளவு அருகில் ஓர் ஆசனம் கொடுத்ததில்லை என்று நான் நினைக்கிறேன்.

விடியுமுன் எழுந்து, கூடத்தைப் பெருக்கி, தண்ணீர் எடுத்து வைத்து, விளக்கேற்றி, நீராடித் திருநீறணிந்து அவன் தயாராக வேண்டும். மேலாள் வந்து அமர்ந்ததும் அவன் நாளெல்லாம் ஓட்டந்தான். இம்பீரியல் பாங்குக்குச் செக் கொண்டுபோக வேண்டும். எதிர்க்கடையில் உண்டியலைக் காட்டிச் சம்மதம் வாங்கி வர வேண்டும். வந்த ரொக்கத்தை எண்ண வேண்டும். வெள்ளி ரூபாயைக் கல்லில் சுண்டி, ஓசையைக் கொண்டே நல்லது கெட்டது பிரிக்கும் பழக்கம் சில மாதங்களில் காதுக்கு வந்துவிடும். மாலையில் கடிதங்களை நகலெடுக்க வேண்டும். இந்த நகலெடுக்கும் வேலை அந்தப் படிப்பின் உயிர்நிலை என்பேன். பிள்ளையார் சுழியும் சிவமயமும் இட்டுத் தொடங்கி, ஊர் முதலாளிக்கு மேலாள் எழுதும் கடிதத்தில், யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், ஏன் கொடுத்தோம், யாருக்கு ஏன் இல்லை என்றோம், நெல் விலை என்ன, மழை எப்படி, பாங்கு என்ன வட்டி கேட்கிறது, எந்தக் கடை சற்று இறுக்கத்தில் இருக்கிறது என்பதெல்லாம் ஒளிவின்றி இருக்கும். அதற்கு முதலாளி எழுதும் பதிலில் கண்டிப்பும் ஆலோசனையும் இருக்கும். மூன்று வருஷம் இந்த இருவருடைய கடிதங்களையும் தன் கைப்பட எழுதிவந்த பையன், ஒரு பெரிய கடையின் நிர்வாகத்தை இரு முனைகளிலிருந்தும் பார்த்தவனாகிவிடுகிறான். உண்மையான மனிதர்களின் உண்மையான தீர்மானங்களை, அவை பலித்ததா இல்லையா என்று மறு வருஷமே தெரிந்துகொள்ளும் நிலையில் இருந்து படித்தவனுடைய அறிவுக்கு, வெறும் புத்தகத்தால் வரும் அறிவு ஈடாகுமா என்பது சந்தேகமே.

இரவில் கணக்கு. அன்றைய வரவு செலவுகள் குறிப்பில் ஏறி, குறிப்பிலிருந்து பேரேட்டுக்குப் பெயர்ந்து, ரொக்க இருப்போடு ஒத்துப்போக வேண்டும். ஓர் அணா இடித்தாலும் அது எங்கே போயிற்று என்று கண்டுபிடித்த பிறகுதான் பாய் விரிக்க அனுமதி. கையிலிருந்து ஓர் அணாவைப் போட்டுச் சரிக்கட்டுவது, களவுக்குச் சமமான குற்றமாகக் கருதப்பட்டது. தொகை சிறிதானாலும் பொய்க் கணக்கு என்பது சிறியதாக இருக்க முடியாது என்பதை அந்தத் தூங்காத இரவுகளில் பையன் உடம்பினாலேயே கற்றுக்கொண்டான்.

கடன் கேட்டு வருபவரை எடைபோடும் வித்தையை எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. வந்தவர் உட்கார்ந்ததும் மேலாள் பணத்தைப் பற்றிப் பேசமாட்டார். மாடு எப்படி இருக்கிறது, மகளுக்குக் கல்யாணம் ஆயிற்றா, போன வருஷம் வாங்கிய படகு ஓடுகிறதா என்று குசலம் விசாரிப்பார். ஆள் எழுந்து போனபின், விவரமுள்ள மேலாளானால், "என்ன தம்பி, இவருக்குக் கொடுக்கலாமா?" என்று பையனைக் கேட்பதுண்டு. "கொடுக்கலாம் அண்ணே" என்று சொன்னால், "ஏன்?" என்ற கேள்வி வரும். அதற்குக் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். தெரியாதவன் அடுத்தாளாக முடியாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு வகுப்பு உண்டு. அது மொகல் தெருக் கோயிலில் நடந்தது. ஒவ்வொரு தமிழ் மாதமும் 16ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு, ரங்கூன் செட்டியார்கள் தண்டாயுதபாணி சந்நிதியில் கூடி, தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான நடப்பு வட்டி இன்னதென்று நிச்சயிப்பார்கள். பணம் தட்டாக இருக்கிறதா, தாராளமாக இருக்கிறதா, அறுவடைக்கு எவ்வளவு வேண்டியிருக்கும், பாங்குகள் என்ன நினைக்கின்றன என்று பெரியவர்கள் பேசி முடிவு செய்வதை இளைஞர்கள் கேட்டிருப்பார்கள். ஒரு தேசத்தின் மத்திய பாங்கு செய்யத்தக்க காரியத்தை, இந்திய ரிசர்வ் பாங்கு 1935ல் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு தெருவின் வியாபாரிகள் கோயில் மண்டபத்தில் அமைதியாகச் செய்துவந்தார்கள். சந்நிதியில் சொன்ன வட்டியை மாற்றி வாங்கினால் அவன் பெயர் கெடும். பெயர் கெட்டவனுக்குப் பக்கத்துப் பெட்டியிலிருந்து அவசரத்துக்கு நூறு ரூபாயும் பெயராது. நம்பிக்கைக்கும் வட்டி விகிதத்துக்கும் உள்ள சம்பந்தம் இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பறையிலும் விளக்கப்பட்டிராது.

ஊரிலிருந்த பெண்மணிகளுக்கும் இந்தக் கலாசாலையில் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கல்யாணத்தில் வந்த சீதனப் பணத்தை ஆச்சிமார் நம்பிக்கையான கடைகளில் தவணைக்குப் போட்டு வைத்திருப்பார்கள். அது வட்டியோடு வளர்ந்து மகளுக்குச் சீராகப் போகும். எந்தக் கடையில் போடலாம், எதிலிருந்து எடுத்துவிடலாம் என்பதை அவர்கள் வளவில் உட்கார்ந்தே கணித்தார்கள். கடல் கடந்து போன பையன் அனுப்பும் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கும் தாய், அவன் சுகத்தோடு கடையின் சுகத்தையும் சேர்த்தே கேட்டறிந்தாள்.

பையன் அடுத்தாளாகி, அடுத்தாள் மேலாளாகி, இரண்டு மூன்று கணக்குகளில் சேர்த்த பணத்தோடு தானே ஒரு விலாசம் போட்டுக் கடை வைப்பதுதான் அந்தப் படிப்பின் பட்டமளிப்பு. எல்லாருக்கும் அது கிட்டவில்லை. நோயில் இறந்தவர்களும், கணக்கில் தவறி ஊருக்கு அனுப்பப்பட்டவர்களும், நாற்பது வயதிலும் அடுத்தாளாகவே இருந்தவர்களும் அநேகர். பர்மாவைப் போலவே மலாய் நாட்டிலும் சுமத்திராவிலும் இருந்த இந்த வாழ்வின் ஏக்கங்களை ப. சிங்காரம் தம் நாவல்களில் எழுதியிருக்கிறார். 1938ல் மெடான் நகரத்துக்கு அவரே கடை வேலைக்குப் போனவராதலால், அந்த எழுத்தில் பெட்டியடியின் வாசனை மாறாமல் இருக்கிறது.

இனி, அங்கே போதிக்கப்படாதது என்ன என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்லும்போது என் மனம் வருந்துகிறது. ஏனெனில் மேலே சொன்ன அருமையெல்லாம் உண்மை. கிட்டங்கியில் பயின்றவனுக்குக் கடன்காரரின் முகம் தெரியும். அவருடைய வயல் தெரியாது. பேரம் பேசுமளவுக்குப் பர்மிய மொழி தெரியும். பர்மியக் குடும்பத்தில் நிலம் என்பது என்ன பொருள் கொள்ளும் என்பது தெரியாது. மூன்று வருஷத்தில் திரும்பிவிடுபவனுக்கு அதை அறிந்துகொள்ள அவகாசமும் இல்லை; அவசியமும் தோன்றவில்லை. கொடுத்த பணத்தில் பெரும்பகுதி நிலத்தின் ஈட்டின்மேல் இருந்தது. அந்த நிலம் முழுவதும் ஒரே பயிரை நம்பியிருந்தது. அந்தப் பயிரோ கடல் கடந்த சந்தையின் விலையை நம்பியிருந்தது. குறுகிய தவணையில் திருப்பிக் கேட்கத்தக்க வைப்புப் பணத்தை வாங்கி, நெடுங்காலம் சென்றாலன்றித் திரும்பாத நிலத்தில் போட்டுவைப்பதில் உள்ள அபாயத்தை இக்காலத்து வணிகக் கல்லூரியில் முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். மொகல் தெருவில் அதைச் சொல்ல ஆள் இல்லை. பெரியவர் செய்ததைப் பார்த்துச் சிறியவர் கற்பதுதான் அங்கே கல்விமுறை. நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்து, விழுந்த இடத்திலேயே பல வருஷம் கிடந்ததை எந்தப் பெரியவரும் பார்த்ததில்லை. கடைக்குக் கடை பணம் புரட்டிக்கொள்ளும் அந்த அரிய ஏற்பாடே, ஒரு கடைக்கு வந்த நோயை எல்லாக் கடைக்கும் பரப்பும் வழியாகவும் அமைந்துவிட்டது.

1930ன் இறுதியில் அது நேர்ந்தது. உலகமெங்கும் பரவிய மந்தத்தில் நெல் விலை சரிந்தது. குடியானவனால் அசலை மட்டுமன்று, வட்டியையுங்கூடக் கட்ட முடியவில்லை. செட்டியாருக்குப் பணமே வேண்டும், நிலம் வேண்டியதில்லை. நிலத்தை வைத்துக்கொண்டு உழுவது அவர் கற்ற வித்தையன்று. ஆனால் பணத்துக்குப் பதிலாகக் கிடைத்தது நிலம் ஒன்றுதான். கீழ்ப்பர்மாவின் பிரதானமான பதின்மூன்று நெல் ஜில்லாக்களில் 1930ல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் அவர்கள் கைவசம் இருந்தது. 1938ல் அது நூற்றுக்கு இருபத்தைந்து ஆயிற்று. ஏறக்குறைய 24 லட்சத்து 68 ஆயிரம் ஏக்கர்! ஊரிலிருந்த முதலாளி அந்தப் பெருக்கத்தைப் பேரேட்டில் கண்டு நடுங்கினார். பர்மியக் குடியானவனோ, தன் பாட்டன் காடு திருத்திய வயல் அந்நியன் பெயருக்கு மாறியதைக் கண்டு கொதித்தான். இருவருடைய துயரமும் மெய்யானது. குடியானவனுடைய துயரமே பெரியது என்று சொல்வேன். ஏனெனில் செட்டியாருக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. 1930 மே மாதத்தில் ரங்கூனில் இந்தியருக்கு எதிராக எழுந்த கலகமும், அந்த ஆண்டு இறுதியில் சயா சான் தலைமையில் தொடங்கிய குடியானவர் கிளர்ச்சியும், 1938ல் மீண்டும் வெடித்த கலகமும் இந்த மனக்கொதிப்போடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது.

தொலைநோக்குள்ள சிலர் அந்த வருஷத்திலேயே பழைய கலாசாலையின் குறைகளை உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அடையாளம் உண்டு. மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தார். நிலத்தில் பணத்தைப் பூட்டி வைக்காமல், தேசங்களுக்கிடையே நாணய மாற்றுச் செய்யும் தொழில் அதன் நோக்கமாக இருந்தது. ரங்கூனிலிருந்து வெளிவந்த ‘தனவணிகன்’ என்ற பத்திரிகையின் ஆசிரியராக இருந்த கோட்டையூர் இளைஞர் ஏ. கே. செட்டியார், கடைக்குப் போகாமல் எழுத்துக்கும் உலகப் பயணத்துக்கும் போனார். காந்தியடிகளைப் பற்றிப் படமெடுத்தார். அதே கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார், சென்னை ராஜதானிக் கல்லூரியில் பட்டம் பெற்றுச் சீமைக்குச் சென்று படித்துவந்தவர், 1947ல் காரைக்குடியில் கல்லூரி நிறுவினார். பெட்டியடியில் பெற்ற பொருள், பெட்டியடிக்குப் போகவேண்டாத பிள்ளைகளின் படிப்புக்குச் செலவாயிற்று.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்த மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர் போக, மற்றவர்கள் அரக்கான் மலைகளையும் மணிப்பூர்க் காடுகளையும் கால்நடையாகக் கடந்து வந்தார்கள். வழியில் மாண்டவர்களின் தொகை பல்லாயிரம். பத்திரங்களையும் பேரேடுகளையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்தவர்கள் உண்டு. சுதந்திரப் பர்மா 1948ல் நிலங்களைத் தேசியமாக்கும் சட்டம் இயற்றியதும் அந்தப் பத்திரங்களின் மதிப்புப் போயிற்று. 1963ல் பாங்குகளும் சர்க்கார் வசமாயின. மொகல் தெருவுக்கு இப்போது ஷ்வே பொந்தா தெரு என்று பெயர்.

அந்தப் பத்திரங்களுக்குப் பண மதிப்புப் போயிற்றே தவிர, வரலாற்று மதிப்புப் போகவில்லை. மேலே சொன்ன கடிதக் கட்டுகளும், சம்பளச் சீட்டுகளும், ஐந்தொகைகளும், பையன்கள் இரவெல்லாம் விழித்துச் சரிபார்த்த குறிப்பேடுகளுமே அந்தக் கலாசாலையின் பாடப்புத்தகங்கள். வேறு பாடப்புத்தகம் அதற்கு இருந்ததில்லை. செட்டிநாட்டு வீடுகள் பங்காளிகளுக்குள் பிரிபடும்போதும் இடிபடும்போதும், தேக்குத் தூண்களுக்கும் பெல்ஜியம் கண்ணாடிகளுக்கும் விலை பேசக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஆள் இருக்கிறார்கள்; பழைய பேரேட்டைக் கேட்பாரில்லை, அது நிறுத்துப் போடப்படுகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா, கல்யாணப் பத்திரிகையையும் நாடக நோட்டீசையுங்கூட விடாமல் சேர்த்து வைத்ததனால்தான், 1994 முதல் சென்னையில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகம் நடக்கிறது. அதே ஊராருடைய கணக்குச் சுவடிகளுக்கும் அத்தகைய ஓர் இடம் வேண்டும். பங்காளிகள் கூடிக் கோயில் புள்ளிக்கு வரி எழுதும் நாளில் இதையும் ஒரு பொதுக் காரியமாகக் கொண்டு, வீட்டுக்கு வீடு மச்சிலிருக்கும் மரப்பெட்டிகளைத் திறந்து பட்டியல் எழுதத் தொடங்கினால், இன்னும் காப்பாற்றத்தக்கவை ஏராளமாக இருக்கும். பர்மியக் குடியானவனின் பெயரும், ஊரும், அவன் ஈடு வைத்த வயலின் அளவும் நம்முடைய எழுத்தில் பதிவாகியிருப்பது அந்தக் கடிதங்களில்தான் என்பதால், அவற்றைப் பேணுவது அந்தக் குடியானவர்களுக்கும் நாம் செய்யக் கடமைப்பட்ட காரியமாகும்.